ஷாம்பு பாட்டிலைக் கொஞ்ச நாள் ஒதுக்கி வையுங்கள்

கேள்வி: எங்கள் பூனை மிளகுக்கு 9 வயது. ஆண், குட்டியிலேயே கருத்தடை செய்துவிட்டோம். கன்னங்கரேலென்று மின்னும் முடி அதற்கு. ஒரு வருடமாக அந்தப் பளபளப்பைக் காணோம். இடுப்புப் பக்கம் பொடுகு உதிர்கிறது, வாலடியில் முடி சிக்குப் பிடித்துக் கிடக்கிறது, கறுப்பு நிறம் செம்பட்டையாகி வருகிறது. அடிவயிற்றில் முடி குறைந்து தோல் தெரிகிறது. வாரம் ஒரு முறை குழந்தைகளுக்கான ஷாம்பு போட்டுக் குளிப்பாட்டுகிறேன், பொடுகு குறையவில்லை. இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு நாய்க்குட்டி வந்தது. அது வந்த ஏக்கத்தில்தான் மிளகு வயிற்றை நக்கிக்கொண்டே இருக்கிறது என்று வீட்டில் சொல்கிறார்கள். ஆனால் நாயின் தட்டில்தான் அதற்குப் பாதிச் சாப்பாடு. 5 கிலோ இருந்தது இப்போது ஆறரை. எந்த ஷாம்பு நல்லது? மீன் எண்ணெய் மாத்திரை கொடுக்கலாமா? நாய்க்குக் கழுத்தில் விடும் பூச்சி மருந்தையே இதற்கும் இரண்டு சொட்டு விடலாமா?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். நாய்க்கு விடும் மருந்தை மிளகுக்கு விடாதீர்கள். இரண்டு சொட்டு என்ன, ஒரு சொட்டுகூட வேண்டாம். நாய்களுக்கான சொட்டு மருந்துகள் பலவற்றில் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி இருக்கிறது. நாயின் கல்லீரல் அதைச் சிதைத்து வெளியே தள்ளிவிடும். பூனையின் கல்லீரலுக்கு அந்தத் திறன் மிகவும் குறைவு. சில மணி நேரத்தில் காது துடிக்கும், உடம்பு நடுங்கும், அப்புறம் வலிப்பு வரும், உயிரே போகலாம். நாய்க்கு மருந்து விட்ட ஈரம் காய்வதற்குள் மிளகு அதன் முதுகில் உரசினாலோ, கழுத்தை நக்கினாலோகூட ஆபத்துதான். அதனால் நாய்க்கு மருந்து வாங்கும்போதே வீட்டில் பூனையும் இருக்கிறது என்று சொல்லி, பெர்மெத்ரின் இல்லாததாகக் கேட்டு வாங்குங்கள். ஒருவேளை நீங்கள் ஏற்கெனவே விட்டிருந்தால், வெதுவெதுப்பான தண்ணீரும் பாத்திரம் கழுவும் சோப்புத் திரவமும் கொண்டு அந்த இடத்தைக் கழுவுங்கள். துண்டால் துடைத்துச் சுற்றிக்கொண்டு உடனே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். நடுக்கம் வருகிறதா பார்ப்போம் என்று காத்திருக்க வேண்டாம்.

சரி, இனி ஷாம்பு. மிளகுக்காக நீங்கள் எவ்வளவு பாடுபடுகிறீர்கள் என்று உங்கள் கடிதத்தைப் படித்தாலே தெரிகிறது. வாரா வாரம் ஒரு பூனையைக் குளிப்பாட்டுவது லேசுப்பட்ட வேலை இல்லை. ஆனால் அதை இந்த வாரத்தோடு நிறுத்திவிடுங்கள். எட்டு வருடம் ஷாம்பு இல்லாமலேயே மின்னிய பூனை இது. தன் முடியைத் தானே பார்த்துக்கொண்டிருந்த பூனை இப்போது ஏன் பார்த்துக்கொள்ளவில்லை? அதைக் கண்டுபிடித்தால் பொடுகு தானாகவே குறையும். கண்டுபிடிக்காமல் எந்த ஷாம்புவைப் போட்டாலும் அடுத்த வாரம் மறுபடி உதிரும்.

மிளகு உங்கள் கையை நக்கும்போது உப்புத்தாள் வைத்துத் தேய்ப்பதுபோல் இருக்கும் இல்லையா? நாக்கின் மேல் வரிசை வரிசையாக நிற்கும் முட்கள்தான் அந்தச் சொரசொரப்பு. நம் நகம் எந்தப் பொருளால் ஆனதோ அதே கெரட்டினால் ஆனவை. எல்லாமே தொண்டையைப் பார்த்து வளைந்திருக்கும். அந்த முட்களின் நுனியில் ஒரு சின்னக் குழிவு உண்டு. அது வாயிலிருந்து எச்சிலை அள்ளி, மேல் முடியைத் தாண்டி அடிமுடிவரை கொண்டுபோய் விடுகிறது. 2018-இல் வெளியான ஓர் ஆய்வு இதைப் படம் பிடித்தே காட்டியது. தோலில் சுரக்கும் எண்ணெயை முடியின் நுனிவரை இழுத்துப் பரப்புவதும் அதே நாக்குதான். உங்களுக்கு மின்னலாகத் தெரிந்தது அந்த எண்ணெய். உதிர்ந்த முடி, செத்த தோலின் செதில், ஊரும் பூச்சி எல்லாவற்றையும் வாரி எடுப்பதும் நாக்குதான். குளிப்பாட்டும்போது நாம் என்ன செய்கிறோம்? நாக்கு பரப்பி வைத்த எண்ணெயைக் கழுவிவிடுகிறோம். தோல் இன்னும் காய்கிறது, பொடுகு கூடுகிறது. மனிதத் தோலுக்கு ஏற்ற அமிலத்தன்மையில்தான் நம் ஷாம்புகளைத் தயாரிக்கிறார்கள். பூனையின் தோலில் அவ்வளவு அமிலத்தன்மை இல்லை. குழந்தைகளுக்கானது மென்மைதான், ஆனாலும் வாரா வாரம் போடுவதற்கானது இல்லை.

இப்போது நீங்கள் எழுதியதை நானும் நீங்களும் மறுபடி ஒரு தடவை பார்ப்போம். பொடுகு எங்கே? இடுப்பின் மேல். சிக்கு எங்கே? வாலடியில். தலையிலோ கழுத்திலோ தோளிலோ பொடுகு இருப்பதாக நீங்கள் எழுதவில்லை. ஒரு பூனை தன் இடுப்பையும் வாலடியையும் நக்க வேண்டுமென்றால் முதுகை வில்லாக வளைத்து, கழுத்தைத் திருப்பி, ஒரு காலில் பாரத்தைப் போட்டு உட்கார வேண்டும். ஒன்றரைக் கிலோ கூடின உடம்பை வைத்துக்கொண்டு அது முடியாது. ஒன்றரைக் கிலோ நமக்குப் பெரிதாகத் தோன்றாது. 5 கிலோப் பூனைக்கு அது உடல் எடையில் 30 சதவிகிதம்.

தடையாக இருப்பது எடை மட்டுமாகவும் இருக்காது. மூட்டு வலியையும் சந்தேகப்பட வேண்டும். பூனை நொண்டினால்தான் மூட்டு வலி என்று நினைக்கிறோம். பெரும்பாலான பூனைகள் நொண்டுவதில்லை. ஏறுவதைக் குறைத்துக்கொள்ளும், ஒரே தாவலில் ஏறின இடத்துக்கு நாற்காலி வழியாக இரண்டு தாவலில் போகும், முடியை நக்குவதைக் குறைத்துக்கொள்ளும். 12 வயதைத் தாண்டிய 100 பூனைகளின் எக்ஸ்ரே படங்களைப் பார்த்து 2002-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், 90 பூனைகளின் படங்களில் மூட்டுத் தேய்மானம் தெரிந்தது. மிளகுக்கு இன்னும் 12 ஆகவில்லை. ஆனால் தேய்மானம் ஒரே நாளில் வருவதும் இல்லை.

இந்த விஷயத்தில் நான் செய்த ஒரு தவறைச் சொல்ல வேண்டும். மருத்துவம் பார்க்கத் தொடங்கிய புதிதில் ஒரு வயதான பூனையைக் கொண்டுவந்தார்கள். மிளகைப் போலவே இடுப்பில் பொடுகு, வாலடியில் சிக்கு. தோலைப் பார்த்தேன், சுரண்டி எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன், பூச்சி இல்லை, பூஞ்சை இல்லை. மருந்து ஷாம்பு எழுதிக் கொடுத்து அனுப்பினேன். மூன்று வாரம் கழித்து அதே பொடுகோடு வந்தது. அந்தத் தடவைதான் அதன் பின்னங்காலை மெல்ல நீட்டிப் பார்த்தேன். சத்தமே போடாத பூனை, திரும்பி என் கையில் பல்லை வைத்தது. கடிக்கவில்லை, வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தது. வலிக்கு மருந்து தொடங்கி இரண்டு மாதத்தில், ஷாம்பு எதுவும் இல்லாமல், அந்த முடி சீராகிவிட்டது. மூன்று வாரம் ஒரு வயதான உயிரை வலியோடு தண்ணீரில் நனைக்க வைத்தேனே என்ற வருத்தம் இன்றும் எனக்கு உண்டு. அதற்கப்புறம் பொடுகோடு வரும் எந்தப் பூனைக்கும் மூட்டையும் வாயையும் பார்க்காமல் அனுப்புவதில்லை. வாயைச் சொல்லக் காரணம், பல்லோ ஈறோ வலித்தாலும் பூனை நக்குவதை விட்டுவிடும்.

மூட்டு வலி என்று தெரிந்ததும் வீட்டில் இருக்கும் வலி மாத்திரையைக் கொடுத்துவிடாதீர்கள். பாரசிட்டமால் ஒரே ஒரு மாத்திரை பூனையைக் கொன்றுவிடும். பூனைக்கென்று வலி மருந்துகள் தனியாக இருக்கின்றன, ரத்தம் பார்த்துவிட்டு மருத்துவர் கொடுப்பார்.

அடுத்தது வயிறு. மேலே நாக்கு எட்டவில்லை, கீழே நாக்கு ஓயவில்லை. முடி தானாக உதிர்கிறதா, நக்கி நக்கி ஒடிகிறதா என்பதை நீங்களே ஓரளவு தெரிந்துகொள்ளலாம். மிளகு மல்லாந்து படுத்திருக்கும்போது, முடி குறைந்த இடத்தில் முடியின் போக்குக்கு எதிராக விரலின் பின்புறத்தால் மெல்லத் தடவுங்கள். ஒரு நாள் தாடிபோல் குத்தினால் முடி ஒடிந்திருக்கிறது. வழவழவென்று இருந்தால் வேரோடு உதிர்ந்திருக்கலாம். மருத்துவர் நாலு முடியைப் பிடுங்கி மைக்ராஸ்கோப்பில் வைத்தால் இன்னும் நிச்சயமாகத் தெரியும். இயல்பான முடி நுனியில் ஊசிபோல் மெலிந்து முடியும், நக்கி ஒடிந்த முடி நார் பிய்ந்த கயிறுபோல் இருக்கும்.

ஒடிந்திருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். உங்கள் வீட்டில் சொல்வதுபோல் நாய்க்குட்டி வந்த ஏக்கமா? இருக்கலாம், ஆனால் அதைக் கடைசியில்தான் நினைக்க வேண்டும். மனக்கவலையால் முடியை நக்கித் தள்ளுகின்றன என்று சந்தேகப்பட்ட 21 பூனைகளை முழுமையாகப் பரிசோதித்து 2006-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். அதில் 16 பூனைகளுக்கு அரிப்பு போன்ற உடல் காரணமே இருந்தது. 3 பூனைகளுக்கு உடலும் மனமும் சேர்ந்த காரணம். மனம் மட்டுமே காரணம் என்று கடைசியில் நின்றது 2 பூனைகள்தான். ஏக்கம் என்று முடிவுகட்டிவிட்டால் அந்தப் பதினாறையும் அரிப்போடு விட்டுவிடுவோம். நாய்க்குட்டி வந்த பிறகு இது தொடங்கியது என்பதை நான் நம்புகிறேன். ஆனால் நாய்க்குட்டி வீட்டுக்குள் தன்னை மட்டுமா கொண்டுவந்தது?

தெள்ளுப்பூச்சியைத்தான் சொல்கிறேன். நாயின் மேலும் பூனையின் மேலும் இருப்பது பெரும்பாலும் ஒரே வகைத் தெள்ளுதான். "நான் பார்த்தவரை ஒன்றுகூட இல்லை" என்று பலரும் சொல்வார்கள். நக்கிக்கொண்டே இருக்கும் பூனை தெள்ளை விழுங்கிவிடும், அதனால் கண்ணில் படாது. தெள்ளின் எச்சில் ஒத்துக்கொள்ளாத பூனைக்கு எப்போதாவது விழும் நாலைந்து கடியே போதும். வாலடி, தொடையின் உட்புறம், வயிறு, கழுத்து எல்லாம் அரிக்கும். முடிக்குள் விரல் விட்டால் தினையைத் தூவிவிட்டதுபோல் பொருக்குப் பொருக்காகத் தட்டுப்படும்.

இன்று இரவே ஒரு சோதனை செய்யுங்கள். வெள்ளைத் தாள் ஒன்றை விரித்து, மிளகை அதன் மேல் நிற்க வைத்து, வாலடியில் பேன் சீப்பு மாதிரி நெருக்கமான பல் உள்ள சீப்பால் நாலு இழுப்பு இழுங்கள். சிக்கு இருக்கும் இடத்தை விட்டுவிட்டு அதன் ஓரமாக வாருங்கள். தாளில் விழுந்ததில் வெள்ளைச் செதில் இருக்கும், முடி இருக்கும். கரித்தூள் மாதிரி, சில சமயம் கால்புள்ளி மாதிரி வளைந்த கறுப்புத் துணுக்குகளும் இருக்கின்றனவா பாருங்கள். இருந்தால் ஈரப் பஞ்சை அதன் மேல் ஒற்றி எடுத்து ஒரு நிமிடம் வையுங்கள். மண்ணாக இருந்தால் மண்ணாகவே இருக்கும். துணுக்கைச் சுற்றிச் செம்பழுப்பாகக் கசிந்தால் அது தெள்ளின் கழிவு, மிளகின் ரத்தம் செரித்து வந்தது. இந்தச் சோதனையை நாய்க்கும் செய்துவிடுங்கள். நாயிடம் கிடைத்தால் மிளகிடமும் உண்டு என்றே வைத்துக்கொள்ளலாம்.

கழிவு கிடைத்தால் வைத்தியம் மிளகுக்கு மட்டும் போதாது. ஒரு பெண் தெள்ளு நாளொன்றுக்கு 40 முட்டைகள்வரை இடும். அவை முடியில் ஒட்டி நிற்காது, பூனை படுக்கும் இடமெல்லாம் உதிரும். புழுவாகிக் கூட்டுக்குள் போனால் பல மாதங்கள்கூட உள்ளேயே காத்திருக்கும். யாராவது நடக்கும் அதிர்வும் உடம்பின் சூடும் பட்டால் வெளியே வரும். அதனால்தான் ஒரு தடவை மருந்து போட்டு, பத்து நாளில் மறுபடி தெள்ளைப் பார்த்துவிட்டு, மருந்து சரியில்லை என்று நினைக்கிறோம். வீட்டில் உள்ள எல்லா விலங்குகளுக்கும் அவற்றுக்கு உரிய மருந்தை, இடைவெளி விடாமல் குறைந்தது மூன்று மாதம் போட வேண்டும். மிளகின் மருந்து மிளகின் எடைக்கு, பூனைக்கென்று செய்ததாக இருக்க வேண்டும். படுக்கை விரிப்புகளைச் சுடுதண்ணீரில் துவையுங்கள். சோபாவின் இடுக்கு, கட்டிலின் அடி, கால்மிதி எல்லாவற்றையும் வாக்குவம் கிளீனரால் இழுங்கள். மணமான எண்ணெய்கள், டீ ட்ரீ எண்ணெய், கிருமிநாசினி கலந்த தண்ணீர் எதையும் முடியில் தடவ வேண்டாம். பூனையின் மேல் நாம் தடவுவது எதுவும் தோலோடு நிற்பதில்லை. அரை மணி நேரத்தில் நாக்கு வழியாக வயிற்றுக்குப் போய்விடும். முடி வளர மனிதர்கள் தடவும் மினாக்ஸிடில்கூடப் பூனைக்கு விஷம். அதைத் தடவின கையால் பூனையைத் தொடவே கூடாது.

வயிற்றை நக்க வேறு காரணங்களும் உண்டு. உணவு ஒவ்வாமை இருக்கலாம். அதைக் கண்டுபிடிக்க நம்பகமான ரத்தப் பரிசோதனை இல்லை. இதுவரை சாப்பிடாத ஒரு புரதத்தை மட்டும், மருத்துவரின் கண்காணிப்பில் எட்டு வாரம் கொடுத்துத்தான் பார்க்க வேண்டும். சிறுநீர்ப்பையில் வலி இருந்தாலும் பூனை அதற்கு நேர் மேலே உள்ள வயிற்றை நக்கும். மிளகு ஆண் என்பதால் ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். மலத்தட்டில் அடிக்கடி போய் உட்கார்ந்து முக்கி, சிறுநீர் சொட்டுச் சொட்டாக வந்தாலோ வராமலே போனாலோ விடியட்டும் என்று இருக்காதீர்கள். ஆண் பூனையின் சிறுநீர்ப் பாதை அடைத்துக்கொண்டால் ஓரிரு நாளில் உயிருக்கே ஆபத்து.

செம்பட்டை நிறத்துக்கு வருகிறேன். ஜன்னலோரம் மணிக்கணக்கில் வெயில் காயும் கறுப்புப் பூனையின் முடி நுனி வெளுத்துச் சிவக்கும், அது சாதாரணம். மிளகுக்கு அதுவும் இருக்கலாம். ஆனால் நாயின் தட்டில் பாதிச் சாப்பாடு என்று நீங்கள் எழுதியிருப்பதால் உணவைச் சந்தேகிக்கிறேன். முடி என்பது கிட்டத்தட்ட முழுக்கப் புரதம். பூனை சாப்பிடும் புரதத்தில் பெரிய பங்கு, கால்வாசியையும் தாண்டி, தோலுக்கும் முடிக்குமே போய்விடுகிறது. முடிக்குக் கறுப்பு நிறம் கொடுக்கும் நிறமியைச் செய்ய டைரோசின் என்ற அமினோ அமிலம் வேண்டும். அது குறைந்த உணவைக் கறுப்புப் பூனைகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோது அவற்றின் முடி செம்பழுப்பானது, உணவைச் சரிசெய்ததும் மறுபடி கறுத்தது. உங்கள் கண்ணில் படுவதும் அதுவாக இருக்க நிறைய வாய்ப்பு இருக்கிறது.

நாய் உணவு கெட்ட உணவு இல்லை, நாய்க்கு அது நல்ல உணவு. ஆனால் நாய் தன் உடம்புக்குள்ளேயே செய்துகொள்ளும் சில பொருள்களைப் பூனையால் செய்ய முடியாது. டாரின் என்ற அமினோ அமிலத்தைப் போதுமான அளவு செய்ய முடியாது, அது குறைந்தால் இதயமும் கண்ணும் கெடும். தாவர உணவில் உள்ள கரோட்டினை வைட்டமின் ஏ ஆக மாற்ற முடியாது. தோலுக்கு வேண்டிய அராக்கிடோனிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலத்தைத் தாவர எண்ணெயிலிருந்து செய்ய முடியாது, விலங்குக் கொழுப்பிலிருந்தே கிடைக்க வேண்டும். பூனை உணவில் இதையெல்லாம் பார்த்துச் சேர்த்திருப்பார்கள், நாய் உணவில் சேர்க்க வேண்டிய தேவை இல்லை. இதோடு நாய்க்கு அளந்து வைத்த மாவுச்சத்தும் கொழுப்பும் மிளகின் இடுப்பில் போய்ச் சேர்ந்துவிட்டன.

ஆக, நாயின் தட்டை மிளகுக்கு எட்டாமல் வையுங்கள். நாய் சாப்பிடும் நேரத்தில் மிளகை வேறு அறையில் விட்டுக் கதவைச் சாத்திவிடலாம். பூனைகளுக்கான முழுமையான உணவு என்று அட்டையில் போட்டிருப்பதை, ஒரு வாரம் பத்து நாளில் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி முழுவதுமாக மாற்றுங்கள். இளைக்க வைக்கிறேன் என்று திடீரெனப் பட்டினி போடாதீர்கள். குண்டுப் பூனை இரண்டு மூன்று நாள் சாப்பிடாமல் இருந்தாலே கொழுப்பு கல்லீரலில் போய் அடைந்து உயிருக்கு ஆபத்தாகிவிடும். வாரத்துக்கு 60, 70 கிராம் குறைந்தால் போதும். குழந்தைகளுக்கான எடைக் கருவி கிடைத்தால் வாரம் ஒரு தடவை நிறுத்து எழுதி வையுங்கள்.

மீன் எண்ணெய் கொடுக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். உணவு சரியான பிறகு, மருத்துவர் சொன்ன அளவில் கொடுக்கலாம். அதில் உள்ள ஒமேகா 3 கொழுப்பு அமிலங்கள் அரிப்பையும் அழற்சியையும் ஓரளவு தணிக்கும். ஆனால் மீன் எண்ணெய் வேறு, மீன் ஈரல் எண்ணெய் வேறு. ஈரல் எண்ணெயில் வைட்டமின் ஏ மிக அதிகம். பூனைக்கு அதைத் தொடர்ந்து கொடுத்தால் கழுத்து எலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டி இறுகிவிடும். அப்புறம் தலையைத் திருப்பி நக்கவே முடியாது. குப்பியில் பெயரை ஒன்றுக்கு இரண்டு தடவை படியுங்கள். எண்ணெயைக் கொடுத்துவிட்டு உணவை அப்படியே விட்டால் பலன் இருக்காது, எடைதான் கூடும்.

இனி உங்கள் கைக்கு ஒரு வேலை. குளிப்பாட்டச் செலவழித்த நேரத்தைச் சீவுவதற்குக் கொடுங்கள். மிளகின் நாக்கு எட்டாத இடத்துக்கு உங்கள் கைதான் நாக்கு. முதலில் அகலமான பல் உள்ள உலோகச் சீப்பு, அப்புறம் நெருக்கமானது. சாப்பிட்டுவிட்டு அசந்திருக்கும் நேரமாகப் பாருங்கள். அதற்குப் பிடித்த கன்னத்திலும் தாடையிலும் இரண்டு இழுப்பு சீவிவிட்டு, முதுகில் நாலு இழுப்பு, இடுப்பில் இரண்டு, மறுபடி கன்னம். முடியின் போக்கிலேயே, சீப்பின் கனம் மட்டும் போதும் என்கிற அளவுக்கு லேசாக. வால் நுனி படபடவென்று அடித்தாலோ, முதுகுத் தோல் அலைபோல் நெளிந்தாலோ அந்த நொடியே நிறுத்திவிடுங்கள். ஒரு நாளைக்கு இரண்டு நிமிடம் போதும். அது தன்னால் எழுந்து போவதற்குள் நீங்கள் முடித்துவிட்டால் நாளைக்கும் வந்து உட்காரும்.

வாலடிச் சிக்கைக் கத்தரிக்கோலால் வெட்டாதீர்கள். சிக்கைப் பிடித்துத் தூக்கும்போது தோலும் கூடவே கூடாரம்போல் எழும்பி வரும். பூனையின் தோல் மிக மெல்லியது, முடிக்கும் தோலுக்கும் நடுவில் கத்தரி எங்கே போகிறது என்று கண்ணுக்குத் தெரியாது. ஒரு சின்னச் சிக்கை எடுக்கப் போய், விரல் நீளத்துக்குத் தோல் கிழிந்து தையல் போட வந்த பூனைகள் நிறைய. தண்ணீரில் நனைத்தால் சிக்கு இன்னும் இறுகும். வாராவாரம் குளித்ததும் அந்தச் சிக்கு இறுக ஒரு காரணம். விரலால் பிரிகிற சிக்கை அடிமுடியைத் தோலோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு, நுனியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பிரியுங்கள். பிரியாததை மருத்துவமனையில் மெஷின் வைத்து மழித்துவிடுவார்கள். அந்த இடம் கொஞ்ச நாள் மொட்டையாக இருக்கும், பரவாயில்லை. தோல் இழுபடும் வலி அன்றைக்கே போய்விடும்.

படர்தாமரை பற்றி ஒரு வார்த்தை. வட்டமாக முடி கொட்டி, ஓரத்தில் செதில் இருந்தால் அது பூஞ்சையாக இருக்கலாம், வீட்டில் உள்ளவர்களுக்கும் ஒட்டும். உங்கள் விவரத்தில் அந்தச் சாயல் இல்லை. இருந்தாலும் வீட்டில் யாருக்காவது கையிலோ கழுத்திலோ வட்டத் தடிப்பு வந்திருந்தால் மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

மருத்துவமனைக்கு எப்போது போவது? இந்த வாரமே. போவதற்கு மூன்று நாள் முன்பிருந்து குளிப்பாட்ட வேண்டாம், எதையும் தடவ வேண்டாம். வெள்ளைத் தாள் சோதனையில் விழுந்ததை மட்டும் அப்படியே மடித்துக் கையோடு கொண்டுபோங்கள். மிளகு வழக்கமாக ஏறும் இடத்தில் ஏறுவதையும் இறங்குவதையும் செல்போனில் படம் பிடித்துக்கொள்ளுங்கள். மருத்துவமனை மேஜையில் பயந்து உட்கார்ந்திருக்கும் பூனை தன் மூட்டு வலியைக் காட்டாது, வீட்டில் எடுத்த வீடியோ காட்டும். நாய் உணவு, பூனை உணவு இரண்டின் அட்டையையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். முன்பைவிட அதிகமாகத் தண்ணீர் குடிக்கிறதா, மலத்தட்டு மணலில் சிறுநீர் பட்டுத் திரளும் கட்டிகள் பெரிதாகியிருக்கின்றனவா என்று இரண்டு நாள் கவனியுங்கள். எடை கூடின, கருத்தடை செய்த ஆண் பூனைக்குச் சர்க்கரை நோய் வர வாய்ப்பு அதிகம். அதிலும் முடி இப்படித்தான் மங்கும். ரத்தமும் சிறுநீரும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். கால்களை நீட்டிப் பார்க்கவும், வாயைத் திறந்து பார்க்கவும் கேளுங்கள்.

காரணம் தெரிந்து வைத்தியம் தொடங்கிய பிறகும் முடி உடனே மின்னாது. பூனையின் மேல்தோல் ஒரு சுற்றுப் புதுப்பிக்க ஏறக்குறைய மூன்று வாரம் ஆகும், முடி முளைத்து நீள அதைவிட அதிக நாள் ஆகும். இரண்டாவது வாரத்திலேயே ஒன்றும் ஆகவில்லையே என்று மறுபடி ஷாம்புவை எடுத்துவிடாதீர்கள். பெரும்பாலும் முதலில் பொடுகு குறையும். ஆறேழு வாரத்தில் வயிற்றில் குத்தும் முடி மெத்தென்று ஆகும். நிறம்தான் கடைசி. பழைய செம்பட்டை முடி உதிர்ந்து புது முடி வர வேண்டும், பல மாதங்கள் ஆகும். மிளகு மல்லாந்து படுக்கும்போது வயிற்று முடியைப் பிரித்து அடியில் பாருங்கள். புதிதாக முளைப்பது கருகருவென்று இருந்தால் எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.